சேலம் நகரசபையிலிருந்து சட்டசபைக்கு

சட்டசபை அங்கத்தினர் ஒருவரின் பொதுவாழ்வு எங்கிருந்து தொடங்கிற்று என்பதை நாம் அதிகமாக விசாரிப்பதில்லை. அவர் எந்தக் கட்சியைச் சேர்ந்தவர், எத்தனை வாக்கு வித்தியாசத்தில் வென்றார், மந்திரி பதவிக்கு வாய்ப்புண்டா என்பனவற்றையெல்லாம் ஆவலோடு கேட்கிறோம். ஒரு தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் கொண்டுவரவும், சாக்கடை கட்டப் பணம் தேடவும், வரி பாக்கி வைத்திருக்கும் செல்வாக்குள்ளவர் வாசலில் நின்று வசூலிக்கச் சொல்லவும் அவர் எப்போதேனும் பொறுப்பேற்றிருந்தாரா என்பதைக் கேட்க மறந்துவிடுகிறோம். கேட்கும் பழக்கம் நமக்கு இருந்திருந்தால், சேலம் சி. விஜயராகவாச்சாரியாரின் பெயர் அவருடைய சொந்த மாகாணத்திலேயே இவ்வளவு மங்கிப் போயிருக்காது. நாகபுரி காங்கிரஸின் அக்கிராசனர் என்ற ஒரு வரியோடு பாடப்புத்தகங்கள் அவரை முடித்துவிடுகின்றன. நகரசபையில் ஒரு நாற்காலி தமக்கு எந்த அதிகாரியின் தயவாலும் கிடைத்ததன்று, ஆகவே எந்த அதிகாரியின் கோபத்தாலும் அது பறிபோகக் கூடாது என்று வழக்காடி நிலைநாட்டியவர் அவர் என்பதை அவை சொல்வதில்லை. என் அபிப்பிராயத்தில் அவருடைய வாழ்க்கையின் உயிர்நாடி அங்கேதான் இருக்கிறது.

செங்கற்பட்டு ஜில்லாவில் பொன்விளைந்த களத்தூரில், 1852-ஆம் வருஷம் ஜூன் 18-ஆம் தேதி, வைதிகமான வைஷ்ணவக் குடும்பம் ஒன்றில் அவர் பிறந்தார். சென்னை ராஜதானிக் கல்லூரியில் பயின்று 1875-இல் பட்டம் பெற்று, ஆசிரியத் தொழிலில் சில ஆண்டுகள் கழித்து, பின்னர் சேலத்தில் நகரசபைக் கல்லூரியில் ஆங்கிலமும் கணிதமும் போதிக்க வந்தார். வகுப்பில் சேராமல் தாமே சட்ட நூல்களைப் படித்துத் தேறி, 1881-இல் சேலத்திலேயே வக்கீல் தொழிலைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே நகரசபை அங்கத்தினரானார். அப்போது அவருக்கு வயது முப்பது.

அந்த 1882-ஆம் வருஷம் இந்திய ஸ்தல ஸ்தாபனங்களின் சரித்திரத்தில் தனியாகக் குறிக்கத்தக்கது. அவ்வாண்டு மே 18-ஆம் தேதி ரிப்பன் பிரபு வெளியிட்ட ஸ்தல சுயாட்சித் தீர்மானம், ஊர்ச் சபைகளில் உத்தியோகஸ்தரல்லாதார் மூன்றில் இரண்டு பங்கினராயிருக்க வேண்டும், கூடுமான இடங்களில் தலைவரும் அவர்களுள் ஒருவராகவே இருக்க வேண்டும் என்று கூறிற்று. நிர்வாகம் செம்மைப்படும் என்பதைக் காட்டிலும், பொதுமக்கள் அரசியல் அறிவும் அநுபவமும் பெறுவர் என்பதையே தம் நோக்கமாக ரிப்பன் முன்வைத்தது, அந்நாளைய ஆட்சியாளர் பலருக்கும் விபரீதமாகத் தோன்றிற்று. சேலத்தைப் போன்ற ஊர்களில் நகரசபை என்பது அதுவரை கலெக்டரின் நிழலில் நடந்துவந்த ஒரு காரியாலயமாகவே இருந்தது. அங்கத்தினரை நியமிப்பதும் நீக்குவதும் 1871-ஆம் வருஷச் சட்டப்படி அரசாங்கத்தின் கையில் இருந்தன. கலெக்டர் சொல்வதை ஆமோதித்துவிட்டு வீடு திரும்புவதே அங்கத்தினரின் கடமை என்று கருதப்பட்ட சபையில், எதையும் ஏன் என்று கேட்கும் சுபாவமுடைய இளம் வக்கீல் ஒருவர் போய் அமர்ந்தார்.

அவர் அமர்ந்த சில மாதங்களுக்குள் சேலத்தில் பெருங்கலகம் மூண்டது. கோயில் ஊர்வலங்கள் வாத்திய முழக்கத்தோடு பள்ளிவாசலைக் கடந்து செல்லலாமா என்ற தகராறு முற்றி, அவ்வாண்டு ஆகஸ்டில் வெறியாக மாறி, பள்ளிவாசல் நாசமாக்கப்பட்டது. சேலத்து முஸ்லிம்கள் அன்று அநுபவித்த துயரத்தை, பின்னால் நடந்த வழக்கு விவகாரங்களின் சுவாரஸ்யத்தில் நாம் மறந்துவிடுவது தர்மமாகாது. கலகத்துக்குத் தூண்டுகோலாயிருந்தவர் என்று குற்றம் சாட்டப்பட்டவர்களுள் விஜயராகவாச்சாரியாரும் ஒருவர். விசாரணை நீதிமன்றம் அவருக்குப் பத்தாண்டுத் தண்டனை விதித்தது. உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்து அவர் நிரபராதி என்று விடுவித்தது. விடுதலை பெற்றவர் தம் வீட்டோடு நின்றுவிடவில்லை. அதே கலகத்தின் பேரில் தண்டிக்கப்பட்டு அந்தமானுக்கு அனுப்பப்பட்டிருந்த மற்றவர்களுக்காக ரிப்பன் பிரபுவிடம் விண்ணப்பித்து, அவர்கள் விடுதலை பெறும்வரை ஓயாது உழைத்தார். அப்போது சென்னையின் கவர்னராயிருந்த கிராண்ட் டஃப்பின் அரசாங்கம் இவ்விஷயத்தில் நடந்துகொண்ட முறையை, ஜி. சுப்பிரமணிய ஐயர் நடத்திவந்த 'ஹிந்து' பத்திரிகை, தான் பிறந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த நிலையிலும், அஞ்சாமல் கண்டித்து எழுதிற்று.

இதற்குப் பிறகு அவர் செய்த காரியத்தைத்தான் நான் நின்று நிதானித்துச் சொல்ல விரும்புகிறேன். கலகத்தைக் காரணமாகக் காட்டி அரசாங்கம் அவரை நகரசபை அங்கத்தினர் பதவியிலிருந்தும் நீக்கியிருந்தது. பத்தாண்டுச் சிறையிலிருந்து தப்பிய ஒருவருக்கு, சம்பளமில்லாத, மாதம் சில தடவை கூடித் தெருவிளக்கையும் குப்பையையும் பற்றிப் பேசுகிற ஒரு சபையின் நாற்காலி அற்பமாகத் தோன்றியிருந்தால் அதை யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். தொழிலைப் பார்த்துக்கொண்டு, பெயரையும் பொருளையும் சம்பாதித்துக்கொண்டு, அதிகாரிகளோடு சமாதானமாகப் போயிருக்கலாம். அவரோ இந்தியாமந்திரியையே பிரதிவாதியாக்கி வழக்குத் தொடுத்தார். அங்கத்தினரை நீக்கும் அதிகாரம் சட்டத்தில் உள்ளது உண்மையே. ஆனால் அந்த அதிகாரம் கவர்னரின் இச்சைப்படி பிரயோகிக்கத் தக்கதன்று, நடத்தையில் குற்றம் உண்டென்றால் அக்குற்றம் இன்னதென்று அறிவித்து, பதில் சொல்ல அவகாசம் தந்து, அதன் பிறகே நீக்கலாம் என்பதே அவ்வழக்கின் சாரம். 1884-ஆம் ஆண்டின் சென்னைத் தீர்ப்புத் தொகுதியில் அந்த வழக்கு அவர் பெயராலேயே பதிவாகியிருக்கிறது. நீக்கம் சட்டத்துக்கு விரோதமானதென்று முடிவாயிற்று. நஷ்ட ஈடும் கிடைத்தது. நகரசபையில் அவருடைய இடமும் திரும்ப வந்தது. அதிகாரம் ஒருவனைத் தண்டிக்குமுன் அவன் சொல்வதைக் கேட்க வேண்டும் என்ற நியதிக்கு நம் நாட்டு நீதிமன்றங்கள் பிற்காலத்தில் கட்டிய பெரிய மாளிகையின் அடிப்படைக் கற்களுள் ஒன்று, சேலத்து முனிசிபல் கவுன்சிலர் ஒருவர் தம் நாற்காலியை விட்டுக்கொடுக்க மறுத்ததால் கிடைத்தது என்பதை நினைத்தால் எனக்குப் பெருமிதம் உண்டாகிறது.

அங்கிருந்து சட்டசபைக்கு வழி எப்படித் திறந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1892-ஆம் வருஷத்து இந்தியக் கவுன்சில்கள் சட்டம், 'தேர்தல்' என்ற சொல்லை உச்சரிக்கவே கூசி, நகரசபைகளும் ஜில்லா போர்டுகளும் சர்வகலாசாலையும் வர்த்தக சங்கமும் சிலரைப் பரிந்துரைக்கலாம், அவர்களைக் கவர்னர் நியமிப்பார் என்று சுற்றி வளைத்துச் சொல்லிற்று. ஆயினும் பரிந்துரைக்கப்பட்டவர்கள் நடைமுறையில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களே. ஊர்ச் சபையின் பெஞ்சில் அமர்ந்தவர்களின் வாக்கே மாகாண சட்டசபையின் வாசலைத் திறக்கும் சாவிகளுள் ஒன்றாயிற்று. 1909-ஆம் வருஷச் சட்டம் வந்தபோது இதற்கு மேல் இன்னொரு படி கட்டப்பட்டது: மாகாண சட்டசபையின் உத்தியோகஸ்தரல்லாத அங்கத்தினர்கள் சேர்ந்து, கவர்னர் ஜெனரலின் சட்டசபைக்கு இருவரை அனுப்பும் உரிமை சென்னைக்குக் கிடைத்தது. விஜயராகவாச்சாரியார் இம்மூன்று படிகளிலும் ஏறியவர். 1882-இல் நகரசபை, 1895 முதல் 1901 வரை சென்னை சட்டசபை, 1913 முதல் 1916 வரை இம்பீரியல் சட்டசபை.

அந்தச் சட்டசபைகளின் அதிகாரம் எவ்வளவு சொற்பம் என்பதை இன்றைய வாசகர் எண்ணிப் பார்ப்பது கடினம். வரவு செலவுத் திட்டத்தைப் பற்றி அங்கத்தினர் பேசலாம், அதன்மீது வாக்களிக்கக் கூடாது. முன்கூட்டியே எழுதிக் கொடுத்துக் கேள்வி கேட்கலாம், கிடைத்த பதில் எவ்வளவு மழுப்பலாயிருந்தாலும் துணைக்கேள்வி கேட்க 1909 வரை உரிமை இல்லை. பெரும்பான்மை எப்போதும் சர்க்கார் பக்கமே. இத்தகைய சபையில் ஆறு வருஷம் ஒருவர் உட்கார்ந்து பயனுள்ள வேலை செய்ய வேண்டுமானால், எந்த ஓலை எந்தக் காரியாலயத்தில் தங்குகிறது, எந்த விதியின் பேரில் எந்த அதிகாரி பணத்தை மறுக்கிறார், சட்டத்தில் எழுதியிருப்பதற்கும் தாலுகாவில் நடப்பதற்கும் எவ்வளவு தூரம் என்பனவெல்லாம் விரல்நுனியில் இருக்க வேண்டும். அந்த ஞானம் புத்தகத்தில் கிடைப்பதன்று. நகரசபையில் கலெக்டரோடு மல்லுக்கட்டியவரிடம் அது இருந்தது. கேள்வி என்ற ஒரே ஆயுதத்தைக் கொண்டு சர்க்காரைப் பதில் சொல்ல வைக்கும் வித்தையை, சென்னைக்கு வருமுன்பே அவர் சேலத்தில் கற்றிருந்தார்.

1920-இல் நாகபுரியில் கூடிய காங்கிரஸுக்குத் தலைமை வகித்ததும், ஒத்துழையாமைத் தீர்மானத்தை அந்த மகாசபை உறுதிப்படுத்திய வேளையில் தாம் அதன் எல்லா அம்சங்களுக்கும் உடன்படாத தலைவராக அமர்ந்திருந்ததும், 1927-இல் சுயராஜ்ய அரசியலமைப்பு ஒன்றைத் தாமே வரைந்ததும் தேசத்தின் பொதுச் சரித்திரத்தைச் சேர்ந்தவை. பெண்களுக்குப் பருவமெய்திய பிறகே மணம் செய்ய வேண்டும், தந்தையின் சொத்தில் மகளுக்கும் பங்கு வேண்டும் என்று அக்காலத்திலேயே அவர் வாதாடினார். 1931-இல் அகோலாவில் இந்து மகாசபையின் மாநாட்டுக்குத் தலைமை ஏற்றதும் அவரே; சேலத்தின் 1882-ஐ நினைவில் வைத்திருப்பவனால் அதை மகிழ்ச்சியோடு எழுத முடியாது. 1944 ஏப்ரல் 19-ஆம் தேதி, தொண்ணூற்றோராவது வயதில் அவர் காலமானார்.

அவருடைய ஊர் அவரோடு நின்றுவிடவில்லை. அவரிடம் மதிப்பு மிகக் கொண்டிருந்த இளைய வக்கீல் ராஜகோபாலாச்சாரியார் 1911-இல் அதே சேலம் நகரசபைக்குள் பிரவேசித்து, 1917 முதல் 1919 வரை அதன் தலைவராயிருந்தார். தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒருவர் முதன்முறையாக அந்தச் சபையில் இடம் பெற்றது அவர் முயற்சியாலேயே. இருபதாண்டுகளுக்குப் பின் 1937-இல் சென்னை மாகாணத்தின் பிரதமராகி மதுவிலக்கைக் கொண்டுவந்தபோது, அவ்வாண்டு அக்டோபர் 1-ஆம் தேதி அதைத் தொடங்குவதற்கு அவர் தேர்ந்தெடுத்த இடம் சேலம் ஜில்லா. தெருத் தெருவாகத் தெரிந்த மண்ணில்தான் துணிந்து ஒரு சோதனையைச் செய்ய முடியும். பக்கத்து ஈரோட்டில் நகரசபைத் தலைவராயிருந்து குடிதண்ணீர்த் திட்டத்துக்காகப் பாடுபட்ட ஈ.வெ. ராமசாமி, சட்டசபையின் பக்கமே திரும்பாமல் வேறு வழியில் சென்றார் என்றாலும், அவரையும் பொதுவாழ்வுக்குப் பழக்கியது முனிசிபாலிட்டியே. 1920-இல் மாகாணத்தின் முதல் மந்திரியாகப் பதவியேற்ற சுப்பராயலு ரெட்டியார் கடலூர் தாலுகா போர்டிலிருந்து வந்தவர். அந்த மந்திரிசபையில் ஸ்தல ஸ்தாபன இலாகாவை ஏற்ற பனகல் ராஜா, பிறகு முதல் மந்திரியான காலத்திலும் அதைக் கைவிடவில்லை. இரட்டையாட்சியில் இந்தியர் கைக்கு வந்த மிகச் சில இலாகாக்களுள் அதுவும் ஒன்று. அதன் அருமை அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஊர்ச் சபை ஒருவருக்குக் கற்பிப்பது என்ன? எல்லாவற்றுக்கும் மேலாக, பணம் எல்லையுள்ளது என்பதைக் கற்பிக்கிறது. சட்டசபையில் ஒரு திட்டத்தை அறிவிப்பவர் அதற்கான பணத்தைத் தாம் வசூலிப்பதில்லை. வார்டு கவுன்சிலரோ சொத்துவரியை உயர்த்தும் தீர்மானத்துக்குக் கை தூக்கிவிட்டு, மறுநாள் காலை அதே தெருவில் நடந்து போயாக வேண்டும். தண்ணீர் வராத வீட்டுப் பெண் அவரைத் தலைநகரில் போய்த் தேட வேண்டியதில்லை, கதவைத் தட்டினால் போதும். எதிர்க்கட்சிக்காரரும் பக்கத்துத் தெருக்காரராகவே இருப்பதால், விரோதம் முற்றினாலும் மறுநாள் பேசித் தீர்க்க வேண்டிய நிர்ப்பந்தம் இருக்கிறது. இப்படிப்பட்ட பயிற்சியைப் பெற்றவர் ஒருவர் சட்டசபையில் மசோதா ஒன்றைப் படிக்கும்போது, அதை நிறைவேற்றப் போகிற ஊராட்சிச் செயலரின் முகமும், அதனால் பாதிக்கப்படப் போகிற குடும்பத்தின் முகமும் அவர் மனக்கண்ணில் தெரியும். ஸ்தல ஸ்தாபனங்களிலிருந்து வந்தோர் எல்லாரும் உத்தமர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. காண்டிராக்டர்களின் சகவாசத்தையே கற்றுக்கொண்டு மேலே போனவர்களையும் நாடு பார்த்திருக்கிறது. ஆயினும் தவறு செய்த கவுன்சிலரை ஊர் ஐந்து வருஷத்தில் இறக்கிவிடக் கூடும் என்ற பயம், அவரைத் திருத்தும் வழிகளுள் மிகச் சிறந்தது.

அந்தப் பயமே இல்லாத ஓர் ஏற்பாட்டை நாம் இப்போது வழக்கமாக்கிக்கொண்டு வருகிறோம். 1992-இல் நிறைவேறிய 73, 74-ஆம் அரசியலமைப்புத் திருத்தங்கள், ஊராட்சிகளின் ஆயுள் ஐந்தாண்டு என்றும், அது முடியுமுன்பே அடுத்த தேர்தல் முடிந்திருக்க வேண்டும் என்றும் ஐயத்துக்கிடமின்றி விதிக்கின்றன. அகமதாபாத் மாநகராட்சி பற்றிய வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றமும் இதையே வலியுறுத்திற்று. ஆனால் தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த கிராம ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில்தான், அதுவும் 27 மாவட்டங்களில் மட்டும், தேர்தல் நடந்தது. புதிதாகப் பிரிக்கப்பட்டவை உள்ளிட்ட எஞ்சிய ஒன்பது மாவட்டங்கள் 2021 அக்டோபர் வரை காத்திருந்தன. நகராட்சிகளும் மாநகராட்சிகளும் 2022 பிப்ரவரி வரை, ஐந்தாண்டுக்கும் மேலாக, கவுன்சிலர் ஒருவர்கூட இல்லாமல் தனி அலுவலர்களின் கையில் இருந்தன. ஒரு முழுப் பதவிக்காலம் மக்களின் கணக்கிலிருந்தே கழிந்து போயிற்று. 2019-இல் தேர்வானவர்களின் காலம் 2025 ஜனவரியில் முடிந்தபோது, அந்த ஊராட்சிகளும் மறுபடியும் தனி அலுவலர்களிடமே ஒப்படைக்கப்பட்டன. ஆளுங்கட்சி மாறிற்று, வழக்கம் மாறவில்லை.

வார்டு மறுவரையறை, இட ஒதுக்கீட்டுக் கணக்கு, நீதிமன்ற வழக்கு என்று ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் சொல்லப்படுகிறது. அவற்றுள் சில உண்மையான காரணங்களே. 2016-இல் அறிவிக்கப்பட்ட தேர்தல், பழங்குடியினர் இட ஒதுக்கீடு சம்பந்தமான குறைபாட்டுக்காக உயர் நீதிமன்றத்தால் ரத்து செய்யப்பட்டதை மறுப்பதற்கில்லை. ஆனால் சட்டசபைத் தேர்தலும் லோக்சபைத் தேர்தலும் இத்தகைய காரணங்களுக்காக மூன்று வருஷம் தள்ளிப் போனதை நாம் கண்டதுண்டா? தங்கள் தேர்தல் என்றால் தேதி தவறாதவர்கள், ஊராரின் தேர்தல் என்றால் தேதியை மறந்துவிடுகிறார்கள். தொகுதியில் நடக்கும் ஒவ்வொரு வேலைக்கும் கல்வெட்டில் தம் பெயரே பொறிக்கப்பட வேண்டும் என்று விரும்பும் சட்டசபை அங்கத்தினருக்கு, அதே ஊரில் மக்கள் வாக்குப் பெற்ற வேறொருவர் இருப்பது இடைஞ்சலாகத் தோன்றுகிறது என்பதை மறைத்துப் பேசிப் பயனில்லை.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994, ஓர் ஊராட்சித் தலைவரைக் கலெக்டர் நீக்க வேண்டுமானால் 205-ஆம் பிரிவின்படி நோட்டீஸ் தர வேண்டும், விளக்கம் கேட்க வேண்டும், தாசில்தாரைக் கொண்டு ஊராட்சி மன்றத்தைக் கூட்டி அதன் கருத்தை அறிய வேண்டும் என்று விதிக்கிறது. விஜயராகவாச்சாரியார் 1884-இல் வாங்கித் தந்த பாதுகாப்பு இன்று சட்டப் புத்தகத்தில் விரிவாகவே இருக்கிறது. ஒரு தலைவரை நீக்க இத்தனை கட்டங்கள் வேண்டும்; ஆனால் தேர்தலை நடத்தாமல் காலத்தைக் கடத்திவிட்டால், நோட்டீஸும் இல்லாமல் விளக்கமும் இல்லாமல், பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகளையும் மக்கள் பிரதிநிதிகள் இல்லாதவை ஆக்கிவிடலாம்.

இந்த நஷ்டம் யாரை அதிகமாகத் தாக்குகிறது என்பதையும் நினைக்க வேண்டும். நம் ஸ்தல ஸ்தாபனங்களில் பாதி இடங்கள் இப்போது பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கின்றன. தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் தலைவர் பதவிகளிலும் உரிய பங்கு உண்டு. 234 அங்கத்தினர் கொண்ட சட்டசபைக்கு 2021-இல் தேர்வான பெண்கள் பன்னிரண்டு பேர் மட்டுமே. பணமும் பரம்பரையும் கட்சித் தலைமையின் தயவும் இல்லாத ஒரு பெண் சட்டசபையை நோக்கி நடக்கக் கூடிய ஒரே வழி, ஊராட்சி மன்றத்தின் வழியே செல்வது. ஒரு தேர்தல் தவறினால், அந்த வழியில் முதலடி வைத்திருக்கக் கூடிய பல்லாயிரம் பெண்கள் ஐந்தாண்டு பின்தங்கிவிடுகிறார்கள். ஸ்தல ஸ்தாபனங்கள் மூன்றில் ஒரு பங்கு அங்கத்தினரைத் தேர்ந்தனுப்பி வந்த மேல்சபையையும் நாம் 1986-இல் கலைத்துவிட்டோம். அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டுமா என்பது வேறு விவாதம். அந்த வாசலும் மூடப்பட்டிருக்கையில், இருக்கும் வாசலையாவது காலந்தவறாமல் திறந்து வைக்க வேண்டும்.

நம் சட்டசபையில் இன்றும் ஊராட்சித் தலைவர்களாகவும் வார்டு கவுன்சிலர்களாகவும் பொதுவாழ்வைத் தொடங்கியவர்கள் எல்லாக் கட்சிகளிலும் இருக்கிறார்கள். மேயராயிருந்து முதலமைச்சரானவரையும் இந்த மாநிலம் கண்டிருக்கிறது. என் வேண்டுகோள் அவர்களுக்கே. ஊராட்சிகளுக்குத் தனி அலுவலரை நியமிக்கும் மசோதா அடுத்த முறை சபையில் வைக்கப்படும்போது, கட்சிக் கொறடாவின் கண்ணைப் பார்க்காமல், நீங்கள் முதன்முதலில் பதவிப் பிரமாணம் எடுத்துக்கொண்ட ஊரை நினைத்து எழுந்து பேசுங்கள். தேர்தல் தேதியை அந்த மசோதாவிலேயே எழுதச் சொல்லுங்கள். உங்களிடம் வாக்குக் கேட்டு வருகிற சட்டசபை வேட்பாளரிடம், வாசகர்களே, நம் ஊராட்சிக்குத் தேர்தல் எப்போது என்று கேளுங்கள்.